துவோல் ஸ்லெங்: பள்ளிக்கூடத்துக்குள் ஒரு சிறை

கம்போடியா போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் அங்கோர் வாட் பார்த்த கையோடு சியெம் ரீப்பிலிருந்தே விமானம் ஏறிவிடுகிறார்கள். நான் தலைநகர் நோம் பென் போனதே துவோல் ஸ்லெங்குக்காகத்தான். உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம் அது. 1975 ஏப்ரலில் நகரத்தைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை, பிறகு இதை எஸ்-21 என்ற ரகசியச் சிறையாக்கியது. 1979 ஜனவரியில் அவர்கள் ஓடும்வரை இங்கே அடைத்துப் பிறகு கொன்றது குறைந்தது 12,000 பேரை. தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உள்ளே போனால் வகுப்பறைதான், கட்டம் போட்ட தரைகூட அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குச் செங்கல் வைத்து, பூசக்கூட இல்லாமல், அவசரமாக எழுப்பிய அறைகள். கால் விலங்கு, மலஜலம் கழிக்க, துப்பாக்கித் தோட்டா வைக்கிற இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மாடி வராந்தா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாதாம்! சாவையும் இவர்கள்தான் கொடுப்பார்களாம்.

தப்பியவர்களில் சும் மெய் மெக்கானிக், தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கத் தெரிந்ததால் விட்டுவைத்தார்கள். பூ மெங் ஓவியர், கெமர் ரூஜ் தலைவன் போல் பாட்டின் படம் வரைய வேண்டியிருந்தது. முப்பது வருஷம் கழித்து, 2009-ல், ஐ.நா. ஆதரவோடு நடந்த கோர்ட்டில் இருவரும் சாட்சி சொன்னார்கள். போல் பாட் இந்தக் கோர்ட் வருவதற்கு முன், 1998-லேயே போய்ச் சேர்ந்துவிட்டான். கூண்டில் இருந்தது சிறைத் தலைவன் டுய்க், முன்னாள் கணக்கு வாத்தியார். என் மனைவியை எங்கே கொன்றீர்கள், சொன்னால் அந்த மண்ணை எடுத்து வந்து சாந்தி செய்வேன் என்பதுதான் பூ மெங் டுய்க்கிடம் கேட்டது. நகரத்துக்கு வெளியே கைதிகளைக் கொண்டுபோய்க் கொன்ற சோயுங் ஏக்காக இருக்கலாம் என்று ஊகமாகத்தான் பதில் வந்தது.

2010-ல் தீர்ப்பு: 35 வருஷம். அதில் டுய்க்கை முன்பு சட்டவிரோதமாகக் காவலில் வைத்திருந்ததற்காக 5, ஏற்கெனவே உள்ளே இருந்ததற்கு 11 கழித்து மிச்சம் 19. கணக்கு வாத்தியாருக்குப் பொருத்தமான தீர்ப்புதான், போங்கள். நாங்கள் இரண்டாவது முறையும் பாதிக்கப்பட்டோம் என்று சும் மெய் கொதித்தார். 2012-ல் அப்பீலில் அது ஆயுள் தண்டனையானது.

நஷ்டஈடு? தனி ஆளுக்குப் பணம் கொடுக்க அந்தக் கோர்ட்டின் விதியில் இடமே இல்லை. வழக்கில் சேர்ந்த பாதிக்கப்பட்டவர்களின் பெயர் தீர்ப்பில் ஏறியது, டுய்க் கேட்ட மன்னிப்புகள் தொகுக்கப்பட்டன. கோர்ட் செலவு 30 கோடி டாலருக்கு மேல். தப்பியவர்களோ அதே சிறை முற்றத்தில் மேசை போட்டுத் தங்கள் கதையைப் புத்தகமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோர்ட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அது இல்லையென்றால் டுய்க்கை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கவே முடிந்திருக்காது. ஆனால் இவர்களுக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்க இத்தனை கோடியில் வழியில்லையா?

அப்புறம், டுக் டுக்காரர்கள் இதையும் சோயுங் ஏக் கொலைக்களத்தையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகத்தான் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.