பதினோராம் மாடியில் ஓர் அறை

பிப்ரவரி 6, 2024

"பத்திரம் யார் பேர்லடி?" என்று அம்மா ஃபோனில் கேட்டார். பத்திரமே கிடையாது என்று சொன்னதும் பதறிவிட்டார்.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், அப்பர் ஈஸ்ட் சைடில், மூன்றாம் அவென்யூவை ஒட்டி 1963-ல் எழுந்த இருபது மாடிக் கட்டடம். கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நான் வாங்கப்போவது அந்தக் கம்பெனியின் 215 பங்குகள். பங்கோடு சேர்ந்து, பதினோராம் மாடியில் 470 சதுர அடி ஸ்டுடியோவில் (ஒற்றை அறை வீடு) குடியிருக்கும் உரிமை ஒரு குத்தகை ஒப்பந்தமாக வரும். இதுதான் கோ-ஆப். சென்னையில் ஃப்ளாட் வாங்கினால் யு.டி.எஸ். என்று நிலத்தில் ஒரு துண்டாவது நம் பெயரில் பதிவாகும். இங்கே அதுவும் இல்லை. மும்பையில் ஹவுசிங் சொசைட்டி ஷேர் சர்டிஃபிகேட் வைத்திருக்கும் சித்தப்பாதான் கடைசியில் அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

பிப்ரவரி 27

கட்டடக் கம்பெனியின் நிர்வாகக் குழுவான போர்டு நடத்தும் நேர்காணல் முடிந்தது. வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, அலுவலகக் கடிதம், நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள் என்று ஒரு கட்டுக் காகிதம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. கடன் தவணையும் மாத மெயின்டனன்ஸும் சேர்ந்து வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டை வாங்கி முடித்த பிறகும் இரண்டு வருடச் செலவுக்கான பணம் கையிருப்பில் வேண்டும். கெடுபிடிதான், ஆனால் காரணம் புரிகிறது. கட்டடத்தின் சொத்து வரி, கட்டடத்தின் மேல் இருக்கும் கடன், டோர்மேன்கள் சம்பளம் எல்லாம் ஒரே பொதுக் கணக்கு. ஒருவர் கட்டாமல் விட்டால் மற்றவர்கள் தலையில்தான் விழும்.

புரியாதது வேறொன்று. போர்டு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுப்பது சட்டவிரோதம்தான். ஆனால் வாயே திறக்காதவர்கள் எதைப் பார்த்து மறுத்தார்கள் என்று யார் நிரூபிப்பது? 1979-ல் முன்னாள் ஜனாதிபதி நிக்சனுக்கே இங்கே கோ-ஆப் கிடைக்கவில்லை. குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள், அவர் தனி வீடு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஏன் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு ஏஜென்ட்டிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். என்னோடு வேலை செய்யும் ஒரு தோழிக்கு வேறொரு கட்டடத்தில் அப்படித்தான் நடந்தது. அவள் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 14

ஒப்புதல் வந்துவிட்டது.

மே 9

குளோசிங் ஆனது, அதாவது பணம் கட்டி வாங்கி முடித்தாயிற்று. அப்புறம்தான் அடுத்த காகிதக் கட்டு: வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்காக போர்டோடு போடும் ஒப்பந்தம். கான்ட்ராக்டரின் காப்பீடு, ப்ளம்பரின் உரிமம், டெபாசிட், ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. வார நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மட்டுமே சுத்தியல் சத்தம் கேட்கலாம்.

போர்டிடமிருந்து திரும்பி வந்த வரைபடத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு மை. குளியலறையை அரை அடி அறைப் பக்கம் நீட்டக் கேட்டிருந்தேன். முடியாது, கீழ்வீட்டில் அந்த இடம் படுக்கும் இடம். ஈரமான தரை இன்னொருவரின் காய்ந்த அறைக்கு மேல் வரக் கூடாது. படுக்கை மூலையைச் சுவர் வைத்து மறைப்பதும் முடியாது, ஜன்னல் இல்லாமல் படுக்கையறை என்று ஒன்றைக் கட்டக் கூடாது. அங்கே புத்தக அலமாரி வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆர்க்கிடெக்ட்.

இந்த மாதிரி தகராறு ஒன்று நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒன் ஃபிஃப்த் அவென்யூ கட்டடத்தில் ஒருவர் சமையலறையை மாற்றும்போது நீராவிக் குழாயை நகர்த்தப் பார்த்தார். போர்டு வேலையை நிறுத்தியது. 1990-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் போர்டு பக்கம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தோடு, அதிகாரத்துக்கு உட்பட்டு, கட்டடத்தின் நலனுக்காக எடுத்த முடிவு என்றால் நீதிமன்றம் தலையிடாது என்று சொன்னது. குழாய் விஷயத்தில் எனக்கு அது முழுச் சம்மதம்.

ஜூன் 20

சுவரைத் திறந்தார்கள். உள்ளே பழைய இரும்புக் குழாய். வெட்டி எடுத்த துண்டில் துரு அடைத்து விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கட்டட மேற்பார்வையாளர் (எல்லாரும் அவரை 'சூப்பர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்) வந்து பார்த்துவிட்டு, சுவர் திறந்திருக்கும்போதே தாமிரத்துக்கு மாற்றிவிடுங்கள், தனி வால்வும் வையுங்கள் என்றார். வால்வு இல்லாததால் என் வீட்டுத் தண்ணீரை மட்டும் நிறுத்த வழியில்லை. எனக்கு மேலும் கீழும் ஒரே வரிசையில் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் தண்ணீர் நின்றது. லிஃப்டில் மூன்று நாள் முன்பே அறிவிப்பு ஒட்டினோம்.

கேஸ் குழாயைத் தொடவே இல்லை. 2014-ல் ஈஸ்ட் ஹார்லெமிலும் 2015-ல் ஈஸ்ட் வில்லேஜிலும் கேஸ் வெடித்து ஆட்கள் செத்த பிறகு இந்த ஊரில் கேஸ் வேலைக்கு அனுமதி வாங்குவது நீண்ட கதை. அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஜூலை 18

கீழ்வீட்டு அம்மாளைப் பார்த்துப் பேசினேன். எண்பதைத் தாண்டியவர். வாடகைக்கு வந்தவர், 1980-களில் கட்டடம் கோ-ஆப்பாக மாறியபோது குடியிருந்தவர்களுக்குக் கொடுத்த குறைந்த விலையில் வாங்கினார். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. தரைக்கு அடியில் கார்க் போடுகிறாயா என்று மட்டும் கேட்டார். போடுகிறேன். அதன் மேல் 80 சதவீதம் கம்பளமும் விரிக்க வேண்டும், அது விதி.

ஆகஸ்ட் 22

ஜன்னலுக்கு வெளியே சாரம். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 1979-ல் முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு தாக்கி பார்னார்ட் கல்லூரி மாணவி ஒருவர் இறந்ததிலிருந்து வந்த சட்டம் இது. எங்கள் கட்டடத்தில் வேலை அதிகம். 1950-களின் தொடக்கத்தில் மன்ஹாட்டன் ஹவுஸ் என்ற குடியிருப்புக் கட்டடம் வந்த பிறகு வெள்ளைப் பளபளப்புச் செங்கல் இந்தப் பகுதியில் பெரிய நாகரிகமாகிவிட்டது. அந்தப் பூச்சு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. குளிரில் அது உறைந்து விரிய, செங்கலின் முகமே உரிந்து விழுகிறது.

அக்டோபர் 3

குடிவந்துவிட்டேன். பகலில் சுவருக்குள் மடங்கும் கட்டில், ஜன்னலோரம் நீளமான மேசை, வெளிர்மஞ்சள் குளியலறை. சமையல் மூலையில் புகையை வெளியே தள்ளும் குழாய் கிடையாது, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் விசிறிதான். கடுகும் பெருங்காயமும் தாளித்தால் நடைபாதை முழுக்க மணக்கும். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, அது என்ன வாசனை என்று கேட்டு, ஒரு கிண்ணம் ரசம் வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் 19

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம், லாபியில் மடக்கு நாற்காலிகள் போட்டு. பெரும்பகுதி நேரம் பாய்லரைப் பற்றியே போனது. 25,000 சதுர அடிக்கு மேலான கட்டடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு இந்த ஆண்டு முதல் உச்சவரம்பு. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030-ல் இன்னும் இறுகும். புது பாய்லருக்கு நாங்கள்தான் பணம் போட வேண்டும். சரி, போடுவோம்.

கடைசியில் எழுந்து கேட்டேன்: என் குளியலறையை அரை அடி நீட்ட மறுத்தபோது காரணத்தை எழுத்தில் கொடுத்தீர்கள், நானும் ஏற்றுக்கொண்டேன். வீடு வாங்க வரும் மனிதரை மறுக்கும்போதும் அதே மாதிரி எழுதிக் கொடுப்பதில் என்ன தடை? வழக்குக்கு வழி திறந்துவிடும் என்றார் தலைவர். எழுதக்கூடிய காரணமாக இருந்தால் வழக்குக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றேன். பங்குதாரர்கள் போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் ஜனவரிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கீழ்வீட்டு அம்மாள் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். சனிக்கிழமை மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆரம்பிக்கிறேன்.