ராத்திரி பதினொரு மணிப் பசி

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் எனக்கு பதினொரு கிலோ ஏறியது. வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் குறித்த எடைக்குக் கீழே, அடுத்த வருடத்து எடையை எழுதினார் செவிலியர். ஒன்றும் சொல்லவில்லை. பேனா மட்டும் ஒரு கணம் நின்றது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். காலையில் வெறும் காபி, மதியம் ஒரு ஆப்பிள், இரவில் கொஞ்சம் காய்கறி. பகல் முழுக்க வைராக்கியம் ஜம்மென்று ஓடும். ராத்திரி ஊருக்கு போன் பேசி வைத்ததும் கால்கள் தாமாகவே சமையலறைக்குப் போகும். விளக்கைக்கூடப் போடாமல், மேடையோரம் நின்றபடியே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பேன். இரண்டே இரண்டு என்றுதான் தொடங்கும். அடியில் கிடக்கும் தூள் விரலில் ஒட்டும்போதுதான் சுயநினைவு வரும். ருசியாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுநாள் பரிகாரமாக இன்னும் கடுமையான பட்டினி. அன்று ராத்திரி இன்னொரு பொட்டலம்.

எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றே பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது தற்செயலாகப் படித்த ஒரு பழைய ஆய்வு. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு முடிந்தபின், வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் உண்டு. இத்தனைக்கும் அவர்கள் உறுதி இல்லாதவர்கள் அல்ல; மனசாட்சிக்காகப் போருக்குப் போக மறுத்து, இந்த ஆய்வுக்குத் தாமாக முன்வந்தவர்கள். அவர்களாலேயே முடியவில்லை என்றால் ஆப்பிளைத் தின்றுவிட்டு எட்டு மணி நேரம் வேலை பார்க்கிற நான் எம்மாத்திரம்!

ஆக, எடையைக் குறைக்க நான் செய்த முதல் வேலை, கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்ததுதான். காலையில் இரண்டு முட்டை, மதியம் பயறும் காய்கறியும் சேர்ந்த முழுச் சாப்பாடு. புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் பசி அடங்கி நெடுநேரம் நிற்கிறது. இரண்டே வாரத்தில் ராத்திரி வெறி பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் வயிறு இல்லை. அங்கே அக்காவுக்குப் பொழுது விடியும்போது இங்கே எனக்கு ராத்திரி. பிள்ளைகள் கிளம்பும் சத்தம், குக்கர் விசில், எல்லாம் போனில் கேட்கும். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். வைத்ததும் அறையில் ஒரு அமைதி வந்து உட்காரும். அந்த அமைதிக்குத்தான் நான் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தேன். போதாததற்கு, பேச்சு நீண்டு தூக்கமும் கெட்டது. 12 இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளியானது; உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் 28 சதவீதம் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோனான லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. நான் மாதக்கணக்கில் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆசை வந்தால் முதலில் என்னையே ஒரு கேள்வி கேட்பேன்: அவித்த முட்டை கிடைத்தால் தின்பாயா? ஆமாம் என்றால் அது பசி, போய்ச் சாப்பிடுவேன். முட்டை வேண்டாம், சாக்லேட்தான் வேண்டும் என்றால் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பேன். போதைப் பழக்கம் திரும்ப வருவதை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், உந்துதலை அலை மாதிரி பாருங்கள், எதிர்த்து நிற்காமல் அதன் மேலேயே மிதந்து போங்கள் என்பார். முதல் ஐந்து நிமிடம் வாயில் எச்சில் ஊறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பத்து நிமிடம் தாண்டினால் பெரும்பாலும் தளரும். சில நாள் தளராது. அப்போது நாலு துண்டைத் தட்டில் வைத்து, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுவேன். தின்பண்டத்தை வீட்டிலேயே வைக்காதே என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, தடை போட்டால் நினைப்பு இன்னும் கூடுகிறது. மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எடுக்க அடுத்த அறையிலிருந்து ஸ்டூல் கொண்டுவர வேண்டும். சோம்பேறிக்கு அதுவே பெரிய மலை.

ஒன்று மட்டும்: நிறுத்தவே முடியாமல், யாருக்கும் தெரியாமல் தின்பது வாராவாரம் நடந்தால், இப்படி வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு.

பதினான்கு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியிருக்கிறது. நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை. போன மாதம் ஒரு பொட்டலம் முழுசாகப் போனது. மறுநாள் காலை வழக்கம்போல முட்டை சாப்பிட்டேன், பட்டினி கிடக்கவில்லை.

அக்காவிடம் பேசுவதை மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்கு அப்போது படுக்கும் நேரம்.

"சாப்பிட்டியா?"

"ம்..."

"வாயில என்ன?"

"சாப்பாடுதான்க்கா. நீ பேசு."