இருபதாயிரத்துக்குள் ஒரு பழைய மரம் அறுக்கும் மிஷின்

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியும்போது எங்கள் கொல்லையில் முப்பத்தெட்டுத் தென்னை படுத்துக் கிடந்தது. பேராவூரணிப் பக்கம் கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மரம் வெட்ட ஆள் கிடைக்காத அந்த வாரத்தில், வேறு வழி இல்லாமல், 6,800 ரூபாய்க்கு ஒரு மலிவு செயின் சா வாங்கினேன். மேலே '58 சிசி' என்று ஸ்டிக்கர், செயின் சுற்றி ஓடுகிற 22 இஞ்ச் இரும்புப் பட்டை (பார்), கூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இரண்டு ஸ்பேனரும். அந்த மிஷினை நான் குறை சொல்ல மாட்டேன், முப்பத்தெட்டு மரத்தையும் துண்டு போட்டது அதுதான்.

சிக்கல் பின்னால் வந்தது. விறகுக்குப் போகிற கட்டையைப் பலகையாக அறுத்து, காய வைத்து, முக்காலி பெஞ்சு என்று செய்து பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடித்து வாங்கினேன். பாரை அந்தச் சட்டத்தில் இறுக்கி, மிஷினைப் படுக்கப் போட்டு, கட்டையின் நீளவாக்கில் தள்ளிக்கொண்டே போனால் பலகை வரும். முதல் அறுப்புக்கு மட்டும் கட்டை உருண்டையாக இருக்குமே, அதனால் மேலே ஒரு அலுமினிய ஏணியை ஆணியால் பிடிக்க வைத்து, அதன் மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. 16 இஞ்ச் அகலம், ஆறடி நீளம் உள்ள ஒரு பூவரசங்கட்டையில் முதல் பலகை எடுக்க எனக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது, நடுவில் மிஷின் மூன்று தடவை நின்றது, அறுப்பு முகத்தைப் பார்த்தால் உழுத வயல் மாதிரி இருந்தது.

உடனே பெரிய மிஷின் தேடிக் கிளம்பியிருப்பேன், கையில் காசு இல்லாததால் முதலில் செயினைப் பார்த்தேன். அது நல்லதாகப் போயிற்று. கடையில் வாங்கும் செயினின் பல் பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில் இருக்கும், குறுக்கே அறுக்க அது சரி. நீளவாக்கில் அறுக்கும்போது பல் கிட்டத்தட்ட நேராக, 10 டிகிரி சாய்வில் இருந்தால் முகம் வழவழப்பாக வரும், மிஷினும் ஒரே சீராக இழுக்கும். இதற்கென்று தனிச் செயின் விற்கிறார்கள், எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எனவே 4.8 மில்லிமீட்டர் அரத்தை எடுத்து உட்கார்ந்து, 86 கண்ணி உள்ள செயினில் 43 பல்லையும் ஒவ்வொன்றாக 10 டிகிரிக்கு ராவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. பல்லுக்கு முன்னால் குட்டியாக ஒரு கொம்பு நிற்கும் பாருங்கள், அதைப் பலர் கவனிப்பதே இல்லை. பல்லை ராவ ராவ உயரம் குறையும், கொம்பு அப்படியே நிற்கும், அப்புறம் பல் மரத்தைத் தொடவே தொடாது, கொம்புதான் உரசிக்கொண்டு போகும். பல்லின் நுனியைவிடக் கொம்பு 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்கிற மாதிரி தட்டை அரத்தால் இறக்கினேன். அறுக்கும்போது தூள் மாவாக வந்தால் செயின் மழுங்கல், ரவையாக வந்தால் கூர். இதுதான் நான் வைத்திருக்கும் அளவு.

அதே அகலக் கட்டை, அடுத்த பலகை 25 நிமிடத்தில் வந்துவிட்டது. அதாவது நான் மிஷின் மேல் போட்ட பழியில் பாதி என் சோம்பேறித்தனத்துக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதி உண்மையான குறை. ஒரு டேங்க் முடிந்ததும் சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் நிழலில் வைத்து விசிறாத குறை. பலகை அறுப்பது என்பது பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுவது, அதற்கு 60 சிசிக்கு மேலாவது வேண்டும். பின்னால் ஒரு நாள் அதன் சிலிண்டரைக் கழற்றி அளந்தேன்: விட்டம் 45, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 54 சிசிதான் வருகிறது. ஸ்டிக்கருக்கு 4 சிசி.

சீட்டு எடுத்த பணம் வந்தது. வீட்டில் பட்ஜெட் ஒரே வரியில் முடிந்தது: "இருபதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது, பாத்துக்குங்க."

இருபதுக்குப் புதிதாக நல்ல கம்பெனி மிஷின் என்று போனால் சின்னதுதான் கையில் கிடைக்கும், அதை வைத்துக் கிளை வெட்டலாம், பலகை அறுக்க முடியாது. எனவே பழசு. பழசில் என் மனதில் மூன்று இருந்தது. ஸ்டில் கம்பெனியின் 381, அது 72.2 சிசி. ஹஸ்க்வர்னா கம்பெனியின் 365, பழைய மாடல் 65.1 சிசி. அப்புறம் ஸ்டில் 070, 105.7 சிசி, அதன் பெயரைச் சொன்னாலே பழைய மரக்கடைக்காரர்கள் கண் விரியும், ஆனால் அதைத் தூக்கி வைக்கவே இன்னொரு ஆள் வேண்டும், எனக்கு முதுகு முக்கியம்.

முதலில் பார்த்தது ஒரு '381'. பக்கத்து ஊர்தான், விலை 9,000. பார்க்கப் புத்தம் புதுசு மாதிரி இருந்தது. பில் இல்லை, சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது, கயிறு இழுக்கும் பக்கத்து மூடியில் பிளாஸ்டிக் வார்ப்பின் பிசிறு விரலில் குத்தியது. அந்தப் பெயரில் போலிகள் சுற்றுகின்றன என்று தெரியும். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது செங்கோட்டை. மரம் அறுக்கும் மில்கள் வரிசையாக இருக்கிற ஊர், அங்கே கிடைக்காததா என்று போனேன். 72 சிசி, 15,000, ஒரே இழுப்பில் ஸ்டார்ட். இதில் ஒரு விஷயம்: நாம் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்த மிஷின் எல்லாமே ஒரே இழுப்பில்தான் ஸ்டார்ட் ஆகும். சிலிண்டரைத் தொட்டால் கொதித்தது. சைலன்சரைக் கழற்றிப் பார்க்கலாமா அண்ணாச்சி என்று கேட்டேன். "அதெல்லாம் கழத்தப்புடாது தம்பி, ஓடுற மிஷினை எதுக்குக் கழத்தணும்?" இரண்டு டீ குடித்த பிறகு சம்மதித்தார். இரண்டு நட்டுதான். சைலன்சரை எடுத்தால் புகை வெளியே போகிற ஓட்டை வழியாகப் பிஸ்டன் நேராகத் தெரியும். செல்போன் டார்ச்சை அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஏற்றி இறக்கினேன். நல்ல பிஸ்டன் என்றால் மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். இதில் மேலிருந்து கீழ் வரை கோடு கோடாக, பூனை பிறாண்டிய மாதிரி. ஆயில் கலக்காத பெட்ரோலிலோ காற்று ஒழுகலிலோ ஓடி, பிஸ்டன் ஒரு தடவை சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கிறது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்பிரஷன் கேஜை வைத்துப் பார்த்தேன், 100 பிஎஸ்ஐ-கூட வரவில்லை. அண்ணாச்சி முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியாது போலத்தான் இருந்தது. பார்டர் பரோட்டாவைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன், அந்தப் பயணத்தின் ஒரே லாபம்.

மூன்றாவது குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துப் பக்கம். ரப்பர் மரம் பால் குறைந்ததும் வெட்டிவிட்டுப் புதிதாக நடுவார்கள், எனவே அந்தப் பக்கம் மரம் வெட்டும் ஆட்களிடம் நல்ல மிஷின்கள் கைமாறும் என்று என் மச்சான்தான் சொன்னார். ஹஸ்க்வர்னா 365. பார்க்க அசிங்கத்திலும் அசிங்கம். ரப்பர் பாலும் தூளும் ஆயிலும் சேர்ந்து கிளட்ச் மூடிக்குள் கறுப்பு அல்வா மாதிரி உறைந்திருந்தது. பாரே இல்லை. "மக்கா, இது எழுபது சிசியாக்கும், ரப்பரத் தவிர வேற ஒண்ணும் கண்டதில்ல" என்றார் மிஷின்காரர். பெயிண்ட் அடித்து மினுக்காமல் அழுக்கோடு எடுத்துக் காட்டியதே எனக்குப் பிடித்தது. சிலிண்டர் சில்லென்று இருந்தது. நாலாவது இழுப்பில் ஸ்டார்ட்.

சைலன்சரைக் கழற்ற அவரே ஸ்பேனரை நீட்டினார். பிஸ்டனில் ஒரு கோடும் இல்லை. கம்பிரஷன் 135. கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டேன், விட்டு விட்டு மெதுவாக இறங்கியது, சரசரவென்று இறங்கியிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், ஆட்டம் இல்லை, அதாவது கிராங்க் பேரிங் நல்லா இருக்கிறது. குறை ஒன்று கிடைத்தது: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் கத்தியது, பக்கவாட்டில் சாய்த்தால் தானாகவே ஏறியது. எங்கோ காற்று உள்ளே போகிறது. இப்படியே அறுத்தால் செங்கோட்டை மிஷின் கதிதான். இதைச் சொல்லித்தான் 16,500-ஐ 14,500 ஆக்கினேன்.

பெட்ரோலை வடித்துவிட்டுச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தேன். அது என்ன என்று கண்டக்டர் கேட்டார், தையல் மிஷின் என்று சொல்ல வாய் வந்தது, உண்மையைச் சொல்லி லக்கேஜ் டிக்கெட் எடுத்தேன்.

வீட்டில் பிரித்தபோது காற்று ஒழுகல் உடனே தெரிந்தது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் விரிசல் விட்டு, மடக்கினால் வாயைத் திறந்தது. அதை மாற்றினேன். கையோடு கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வு கிட், பெட்ரோல் டியூப், பில்டர். பழைய சவ்வு பேப்பர் மாதிரி விறைத்திருந்தது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் கெடுக்கும். அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை ஓட்டியே தீர்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். சிலிண்டரை எடுத்து ரிங் மாற்றும்போது அளந்தும் பார்த்தேன். விட்டம் 48 மில்லிமீட்டர். பிஸ்டனின் 36 மில்லிமீட்டர் ஓட்டத்துக்கு 65 சிசி. 50 இருந்தால்தான் எழுபது. மார்த்தாண்டத்து அண்ணன் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், ஒரே 365 என்ற பெயரில் 70.7 சிசியும் பின்னால் வந்தது, அதை நினைத்திருப்பார். புது ரிங்கில் கம்பிரஷன் 150 வந்தது, எனக்கு அது போதும்.

அப்புறம் செயின். கடையில் "இருபத்தி நாலு இஞ்ச் செயின்" என்று மட்டும் கேட்டு வாங்கியது என் முட்டாள்தனம். வீட்டுக்கு வந்து மாட்டினால் பாரின் பள்ளத்துக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. காலிப்பர் வைத்துப் பார்த்தால் கண்ணியின் கனம் 1.6 மில்லிமீட்டர், பாரின் பள்ளமோ 1.5. ஒரு முடி அளவு வித்தியாசம், 1,400 ரூபாய். கவரைப் பிரித்துவிட்டேன், கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார். இஞ்ச் கணக்கில் செயின் கேட்காதீர்கள். மூன்று எண் வேண்டும்: பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி), கனம், கண்ணி எண்ணிக்கை. என் 24 இஞ்ச் பாருக்கு 3/8 பிட்ச், 1.5 கனம், 84 கண்ணி. பழைய செயின் கையில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

கணக்கு: மிஷின் 14,500, ரிங் 350, சவ்வு கிட் 650, ரப்பர் 250, டியூபும் பில்டரும் 250, செயினைச் சுற்றும் பல்சக்கரம் 400, பார் 2,600, சரியான செயின் 1,500. மொத்தம் 20,500. அந்த ஐந்நூறை இளநீர் விற்ற காசில் சமாளித்தேன்.

போன வாரம் மீதிப் பூவரசில் ஓட்டினேன். செயினை முதலிலேயே 10 டிகிரிக்கு ராவிவிட்டேன், இதற்கு 5.5 அரம். கார்புரேட்டரின் ஹை ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்து பெட்ரோல் கூடுதலாகப் போகிற மாதிரி வைத்தேன், மரத்துக்கு வெளியே முழு ஆக்சிலேட்டரில் லேசாகத் திக்கிக் கரகரக்கும், மரத்துக்குள் போனதும் சத்தம் தெளியும். பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கத்தை விட்டேன், அதில் இருக்கும் இரும்புப் பொடி பம்பைத் தின்றுவிடும். ஹெல்மெட், காது மூடி, மாஸ்க், பூட்ஸ். ஏணி, ஆணி, முதல் அறுப்பு. அதே 16 இஞ்ச், அதே ஆறடி. ஒன்பது நிமிடம். நடுவில் ஆப்பு அடிக்க மட்டும் நிறுத்தினேன், அறுத்த வாய் மூடிக்கொண்டு பாரைக் கடிக்காமல் இருக்க. மேல் பலகையைத் தூக்கியபோது உள்ளே நடுவைரம் சாக்லேட் நிறத்தில், ஓரம் வெளுப்பாக, ஈரத்தோடு பளபளத்தது. மொத்தம் ஐந்து பலகை, ஒன்றே முக்கால் இஞ்ச் கனம். இரண்டு முனையிலும் பழைய பெயிண்டைப் பூசி, நடுவில் ரீப்பர் கட்டை கொடுத்து மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். பெஞ்சாக ஒரு வருஷமாவது ஆகும்.

அடுத்தது பக்கத்துத் தோட்டத்து வாகை. அடி 26 இஞ்ச் இருக்கிறது, என் சட்டத்தில் 20-க்கு மேல் அறுக்க முடியாது, பக்கங்களைச் செதுக்கிக் குறுக்க வேண்டும். அதை யோசித்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் வீட்டில் வந்து சுவரைக் காட்டிக் கேட்டார்கள், "அந்தச் செயின் புதுசா இருக்கே, அது எதுக்கு?"