செத்த காலேஜும் ஐஸ் ஹவுஸும்

மே 8, புதன்

அக்கா பிள்ளைகள் இரண்டும் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் வந்து இறங்கின. யாழினிக்குப் பத்து வயது, கதிருக்கு எட்டு. அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மாலுக்குக் கூட்டிப் போய்க் காசைக் கரைக்கக் கூடாது. அக்னி நட்சத்திரம் வேறு ஆரம்பித்துவிட்டது, பகலில் பீச் பக்கம் தலைகாட்ட முடியாது. தலைக்கு மேல் கூரை இருக்கிற இடமாகப் பார்த்து மியூசியம் மியூசியமாகச் சுற்றலாம் என்றேன்.

அம்மா புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். "செத்த காலேஜுக்கா இட்டுனு போற?" என்றாள். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தன.

மே 9, வியாழன்

எழும்பூர் மியூசியம்தான் செத்த காலேஜ். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அம்மா சின்ன வயதில் இரண்டையும் ஒரே நாளில் நடந்தே பார்த்தவளாம்.

1851-ல் மியூசியம் தொடங்கியபோது இடம் கொடுத்தது நுங்கம்பாக்கத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடம். 'காலேஜ்' அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் கணக்கு. முதலில் பொறுப்பில் இருந்த பால்ஃபர் ஒரு டாக்டர். உயிருள்ள புலிக்குட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் கூட்டம் கூடியதைப் பார்த்து, மியூசியம் வளாகத்திலேயே 1855-ல் மிருகங்களை வளர்க்க ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு மூர் மார்க்கெட் பக்கத்து பீப்பிள்ஸ் பார்க் போய், 1985-ல் வண்டலூர் போனது. செத்ததும் உயிரோடிருப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்த கதிர், "நெசமாவே செத்ததுதானா மாமா?" என்று கேட்டுவிட்டு என் பின்னால் நின்றுகொண்டான்.

வெண்கலக் கூடத்தில் சீக்கிரம் சலித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். திருவாலங்காட்டு நடராஜரைப் பெரியவர்கள் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். யாழினி அந்தப் பக்கமே போகவில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். "மாமா, மூணு கைதான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சு போச்சா?" உடையவில்லை. சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மன் பாதிக்கு ஒன்று. உடுப்பும் அப்படித்தான், ஒரு காலில் தொடையோடு நின்றுவிடுகிறது, மறு காலில் கணுக்கால் வரை இறங்குகிறது. இத்தனை வருஷத்தில் நான் ஐந்தாறு தடவையாவது அந்தச் சிலையைப் பார்த்திருப்பேன். கையை எண்ணியதில்லை.

அமராவதிப் பளிங்குச் சிற்பங்களுக்குள் நுழைவதற்குள் கதிருக்குப் பசி வந்துவிட்டது. வெளியே வந்து ஆளுக்கு நாலு நுங்கு.

மே 10, வெள்ளி

எழும்பூர் மியூசியத்துக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ரயில் மியூசியத்துக்குத் திங்கள், பழைய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். இவர்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நாளை முடிவு செய்தால் என்ன? ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

அட்சய திருதியை என்பதால் தி.நகர் பக்கமே திரும்பாமல், சாயங்காலம் ஐஸ் ஹவுஸ் போனோம். இப்போது விவேகானந்தர் இல்லம். 1897 பிப்ரவரியில், வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய வீடு. அவர் இருந்த அறை இன்று தியான அறை. பிள்ளைகள் அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்ததை அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஆனால் அவர்களைப் பிடித்துக்கொண்டது ஐஸ். 1842 வாக்கில் இந்த வட்டக் கட்டடத்தைக் கட்டியது டியூடர் என்கிற அமெரிக்க வியாபாரியின் கம்பெனி. பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் ரம்பத்தால் கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். 1833-ல் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பலில் 180 டன் ஏற்றியதில், நாலு மாதப் பயணம் முடிந்து சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று மூன்று ஊரில் ஐஸ் கிடங்கு இருந்தும், இன்று நிற்பது நம்முடையது மட்டும்தான்.

"நாலு மாசமா? எங்க வீட்டு ஐஸ் நாலு நிமிஷம் தாங்காதே" என்றாள் யாழினி. கதிர் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

மே 11, சனி

கோட்டை மியூசியம். சோதனை, பை திறப்பு எல்லாம் முடிந்து உள்ளே போனால் ஜிலுஜிலுவென்று பழைய கட்டடம். மாடியில் 1947 ஆகஸ்ட் 15 விடிகாலையில் இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி, மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால். பன்னிரண்டடிக்கு எட்டடி. எங்கள் ஹாலில் விரித்தால் சோபாவைத் தூக்க வேண்டும்.

கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். 1792-ல் திப்பு சுல்தான் தன் பிள்ளைகள் இருவரைப் பிணையாக ஒப்படைத்த காட்சி. மூத்தவனுக்குப் பத்து வயது இருக்கும், இளையவனுக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். யாழினி உடனே கேட்டாள்: "திரும்ப விட்டாங்களா?" 1794-ல் விட்டார்கள். "ரெண்டு வருஷம்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். நான் தள்ளிக்கொண்டு போய் எம்டன் குண்டுச் சில்லைக் காட்டினேன்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் கடலில் நின்று சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டி ஓடியது. கப்பல் நவம்பரில் கோகோஸ் தீவில் ஒழிந்தது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கதிர் பாட்டியிடம் குண்டுக் கதையைச் சொன்னான். "நீயே ஒரு எம்டன், உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்றாள் அம்மா. கன்னியாகுமரி பாஷைக்குப் பழகிய பிள்ளைக்கு மெட்ராஸ் பாஷை புரியவில்லை, ஆனாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

மே 12, ஞாயிறு

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்து ரயில் மியூசியம். கூட்டம், பொம்மை ரயில், மறுபடியும் பொம்மை ரயில். நீராவி எஞ்சின் இரும்பு தொட்டால் சுட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

மே 14, செவ்வாய்

திருவான்மியூரில் பஸ் மாறி, ஈ.சி.ஆர். வெயிலில் முட்டுக்காடு போய் இறங்கினால் தட்சிணசித்ரா கேட் சாத்தியிருக்கிறது. செவ்வாய். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறதே, அதே செவ்வாய். செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள் என்று பஸ் முழுக்க அளந்துகொண்டு வந்தேன். யாழினி பெருந்தன்மையாக, "பரவால்ல மாமா, வெளியவே நல்லாத்தான் இருக்கு" என்றாள். படகுத் துறைக்குப் போய் ஒரு சவாரி. திரும்பி வருகையில் இரண்டும் என் தோளில் சாய்ந்து தூக்கம்.

மே 15, புதன்

இன்று ராத்திரி ரயில். கதிரின் மௌனத்துக்கு அர்த்தம் இன்றுதான் தெரிந்தது. தெருமுனை மரப்பட்டறையில் ஒரு பை மரத்தூள் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். ஒரு ஐஸ் கட்டி ஃபேனுக்கு அடியில் எவர்சில்வர் தட்டில், இன்னொன்று டப்பாவில் மரத்தூளுக்கு நடுவில். அக்காவும் தம்பியும் காவல். தட்டில் இருந்தது நாற்பது நிமிஷத்தில் தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து டப்பாவைக் கிளறினால் நெல்லிக்காய் அளவில் ஒன்று, தூள் அப்பிக்கொண்டு கிடந்தது. கதிர் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

மே 16, வியாழன்

காலையில் அக்கா போன். "பத்திரமா வந்துட்டாங்கடா. ஆனா பையில ஒரு டப்பா நிறைய மரத்தூளக் கரைச்சு வச்சிருக்கு, துணியெல்லாம் ஈரம். தொறக்கக் கூடாதுன்னு ரெண்டும் சண்டைக்கு வருதுங்க. என்னதுடா அது?"