கேபிளைப் பிடுங்கிப் பார்த்த காலை

மண்டபத்துக்கு வடக்கே, பாக் நீரிணைக் கரையில், எங்கள் நிறுவனத்தின் நண்டுக் கொள்முதல் கொட்டகை ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு மின்னணுத் தராசுகள், வரிசையாக ஐஸ் பெட்டிகள், சுவரில் அடித்த பலகை மேல் ஒரு சிறிய கணினி. 2024 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நாட்டுப்படகுகள் வந்து சேர்ந்து எடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளை நான் பிடுங்கினேன்.

எடை போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, பழுதா?"

"இல்லை அக்கா. பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன்."

"அதற்குப் பிடுங்க வேண்டுமா? கச்சான் காற்று அடித்தால் தானாகவே போய்விடுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தராசில் ஏற்றினார்.

அந்த ஒரு காலையில் தெரிந்துகொண்டது, அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் சென்னை அலுவலகத்தின் ஏசி அறையில் உட்கார்ந்து, எங்கள் கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருள் தளங்களுக்காக நாங்கள் நிரப்பிய ஒப்பீட்டு அட்டவணையில் இல்லை. அந்த அட்டவணையில் நூற்று நாற்பது வரிசைகள் இருந்தன. ஒவ்வொரு விற்பனையாளரும் ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லாமும் உண்டென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் தொழில் கடல் உணவு ஏற்றுமதி. நண்டு, இறால், கணவாய். கரையில் எடை, பதப்படுத்தும் கூடத்தில் ஆய்வக முடிவு, தலைமையகத்தில் கணக்கு மென்பொருள், தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம், ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் தளம், அமெரிக்காவில் வாங்குபவர். ஆறு இடம், ஆறு மொழி. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேராகப் பேச வேண்டுமானால் பதினைந்து பாதைகள் தேவை. நடுவில் ஒரு தளம் நின்று எல்லோருடைய பேச்சையும் வாங்கி, மொழிபெயர்த்து, உரியவரிடம் சேர்த்தால் ஆறு பாதைகள் போதும். அந்த நடுத்தளத்தைக் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வேறொருவரின் கணினிகளில், வாடகைக்கு எடுப்பதைத்தான் 'ஐபாஸ்' என்கிறார்கள்.

என் சித்தப்பா முப்பது வருடம் மீன் தரகராக இருந்தவர். என் வேலை என்ன என்று ஒருமுறை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்துப் படகுக்காரரும் பத்துக் கம்பெனியும் தனித்தனியாகப் பேசினால் நூறு பேச்சு. நான் நடுவில் நின்றால் இருபது. நீயும் தரகுதான் பார்க்கிறாய். சரி, கமிஷன் எவ்வளவு?" என்றார்.

சரியான கேள்வி அதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். நாங்கள் ஏன் இந்த ஒப்பீட்டில் இறங்கினோம்? எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் பழைய ஒருங்கிணைப்பு மென்பொருள். அதன் வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது. கூடுதல் கட்டணம் கொடுத்தால் 2030 வரை ஓட்டலாம். அதே நிறுவனத்தின் கிளவுட் தளத்துக்கு மாறுவதா, வெளியே போவதா என்பதுதான் கேள்வி. இப்போது பல பெரிய நிறுவனங்கள் இந்த முச்சந்தியில்தான் நிற்கின்றன.

வெளியே பார்த்தால் மியூல்சாஃப்ட், பூமி, மைக்ரோசாஃப்டின் லாஜிக் ஆப்ஸ், இன்னும் சில. மியூல்சாஃப்ட் 2006-இல் தொடங்கியது. பொதி சுமக்கும் வேலையை மென்பொருளுக்குக் கொடுக்கிறோம் என்பதால் கோவேறு கழுதையின் பெயர். 2018-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை ஏறக்குறைய 650 கோடி டாலருக்கு வாங்கியது. பூமி என்பது நம்முடைய 'பூமி'யேதான். 2010-இல் டெல் வாங்கியது, 2021-இல் இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு 400 கோடி டாலருக்கு விற்றது. வெப்மெத்தட்ஸ் என்ற இன்னொரு தளம் 2024-இல் ஐபிஎம் கைக்குப் போனது. ஐந்து வருட ஒப்பந்தம் போடுகிற ஒரு நிறுவனம், ஐந்து வருடம் கழித்து முதலாளி யார் என்று தெரியாமலே கையெழுத்து போடுகிறது. இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் விலையை எத்தனை சதவீதம் வரை உயர்த்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் நகரக் கூடாது. எங்கள் சட்டப் பிரிவு இந்த ஒரு வரிக்காக ஆறு வாரம் போராடியது. அந்த ஆறு வாரம் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி கமிஷன். பூமியில் எத்தனை அமைப்புகளை இணைக்கிறோம் என்பதுதான் விலையின் அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது. மியூல்சாஃப்ட் முன்பு கணினித் திறனை அளந்து விற்றது. பிறகு எத்தனை ஓட்டங்கள், எத்தனை செய்திகள் என்ற கணக்குக்கு வந்தது. எஸ்ஏபி தளத்தில் செய்திக் கணக்கு. லாஜிக் ஆப்ஸின் பயன்பாட்டுக் கட்டண வகையில் ஒவ்வொரு சிறு செயலுக்கும் காசு. ஒரு செய்தி பத்துப் படி ஏறி இறங்கினால் பத்துச் செயல்.

சென்னையில் இதை விவாதித்தபோது எல்லோரும் மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். எங்கள் கடலுக்குச் சராசரி கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், அதனால் நண்டு முழுதாக நிற்காது, ஆனால் இறாலும் கணவாயும் அடங்கிவிடும். தடை முடிந்த முதல் வாரத்தில் கரை கொள்ளாது. வருடம் முழுவதற்கும் ஒரே கொள்ளளவை வாங்கி வைத்தால், தடைக்காலத்தில் கட்டிப் போட்ட படகுக்கு டீசல் ஊற்றுவது போல ஆகும். எண்ணிக்கைப்படி கொடுத்தால், அந்த முதல் வாரத்தின் பில் கண்ணைக் கட்டும். இரண்டையும் 365 நாளுக்கும் நாள்வாரியாகப் போட்டுப் பார்த்தோம். அட்டவணையில் முதலிடத்தில் இருந்த தளம் மூன்றாவதாக இறங்கியது.

அதில் இன்னொன்றும் வெளிப்பட்டது. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு படகுக்கு ஒரு செய்தியாகத் தொகுத்தால் எந்தத் தளமானாலும் செலவு வெகுவாகக் குறையும். தளங்களை ஒப்பிடத் தொடங்கி எங்கள் சொந்தச் சோம்பலைக் கண்டுபிடித்தோம்.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் அவர்களுக்கு இணைப்பானின் செப்பு முனைகளைக் காட்டினேன். ஆறே மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உப்புக் காற்று எதையும் விடாது. கார்த்திகையில் மழைக்காற்று பிடித்தால் செல்போன் கோபுரமும் போகும், மின்சாரமும் போகும். தளத்தின் விளம்பரத் தாளில் 99.99 சதவீதம் என்று எத்தனை ஒன்பதுகள் போட்டிருந்தாலும், அவை தளம் விழித்திருக்கும் நேரத்தைச் சொல்கின்றன. எங்கள் கொட்டகை அதனோடு பேச முடிகிற நேரத்தைச் சொல்வதில்லை.

எனவே நான் பார்க்க விரும்பியது இதுதான்: இணைப்பு அறுந்தால் வேலை எங்கே நடக்கிறது? சில தளங்களில் இயங்கு பொறியை நம் இடத்திலேயே நிறுவலாம். பூமியில் அப்போது அதற்குப் பெயர் 'ஆட்டம்'. அணு என்று பொருள். 'ஆட்டம் நின்றுவிட்டது' என்று நான் கூட்டத்தில் சொன்னபோது தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். மியூல்சாஃப்டின் பொறியையும் நம் சர்வரில் வைக்கலாம். வடிவமைப்பும் கண்காணிப்பும் மேலே கிளவுடில், ஓட்டம் கீழே நம்மிடம். எஸ்ஏபி தளம் அடிப்படையில் மேலே ஓடுகிறது; நம் பக்கத்திலிருந்து 'கிளவுட் கனெக்டர்' என்ற சுரங்கம் வெளிநோக்கிப் போகும். நம் இடத்திலேயே ஓட்டுவதற்கு 'எட்ஜ் இன்டக்ரேஷன் செல்' என்ற ஏற்பாடு பின்னர் வந்தது, ஆனால் அதற்குக் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் கட்டி மேய்க்கும் சர்வர் கொத்து ஒன்றை அமைத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். தலைமையகத்தில் அந்த ஆள் உண்டு. நண்டுக் கொட்டகையில் யார்? லாஜிக் ஆப்ஸ் தன் வழக்கமான அமைப்பில், போக முடியாத அழைப்பை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நான்கு முறை மறுபடி முயலும். அதற்கு மேல் என்ன செய்வது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

கேபிளைப் பிடுங்கி நாற்பது நிமிடம் கழித்துச் செருகினேன். செய்திகள் சரமாரியாக ஓடின. சென்னைக்காரர்கள் கை தட்டாத குறை. மதியம் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது: கணக்கில் இருக்கிற நண்டு, கூடத்துக்கு வந்த நண்டைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்று பார்த்தால், கேபிள் போவதற்குச் சற்று முன் அனுப்பிய படகுகள் எல்லாம் இரண்டு முறை ஏறியிருந்தன. செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. 'கிடைத்தது' என்ற பதில் திரும்புவதற்குள் இணைப்பு அறுந்திருக்கிறது. கிடைக்கவில்லை என்று நினைத்துக் கொட்டகைக் கணினி மறுபடி அனுப்பியிருக்கிறது. குற்றம் தளத்தினுடையது அன்று. எழுதியவன் நான்.

ஆனால் அதே நாள், சோதனைக்காக மின்-விலைப்பட்டியல் தளத்துக்கும் இரட்டையாகப் போன ஒரு பட்டியலை அது வாங்கவில்லை. 'ஏற்கெனவே உள்ளது' என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஏன்? அந்தத் தளம் தரும் 64 எழுத்து எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து பிறக்கிறது. ஒரே பட்டியலை நூறு முறை அனுப்பினாலும் அதே எண்தான் பிறக்கும். நாங்களோ, சென்னை சர்வருக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து லாட் எண், அதாவது சரக்குத் தொகுதி எண், கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு முறை வந்தால் இரண்டு லாட்! அரசாங்கத் தளத்தைத் திட்டுவது எங்கள் தொழிலில் தினசரி வழக்கம். அன்று மட்டும் நான் அதன் கட்சி.

மியூல்சாஃப்டில் இரட்டையைத் தடுக்கத் தனி உறுப்பு உண்டு, எஸ்ஏபி தளத்திலும் உண்டு. இரண்டுக்கும் 'எதை வைத்து இரட்டை என்று அறிவது' என்று நாம் சொல்லித் தர வேண்டும். படகுப் பதிவு எண், தேதி, தராசு எண், சிட்டையின் வரிசை எண். கரையிலேயே, எடை போடும் கணத்திலேயே பிறக்கிற அடையாளம். இதை முடிவு செய்ய எந்தத் தளமும் வேண்டியதில்லை. தராசின் பக்கத்தில் நின்றால் போதும். கடல் உணவு எங்கிருந்து வந்தது என்பதை அதிகாரிகள் கேட்ட 24 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க விதி 2022-இல் வெளியானது. அதன் கெடு 2026 ஜனவரியிலிருந்து 2028 ஜூலைக்குத் தள்ளிப்போயிருந்தாலும், வாங்குபவர்கள் இப்போதே கேட்கிறார்கள். கரையில் பிறந்த எண் அதற்கும் உதவியது.

எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று எழுத ஒப்பந்தம் இடம் தராது. அட்டவணையில் முதலில் வந்தது இல்லை என்று மட்டும் சொல்லலாம். கோடு இழுத்துப் பெட்டிகளை இணைக்கிற வசதியைக் காட்டி மயக்கியவர்களுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். முதல் நாள் அது அழகு. இருநூறாவது கோடு விழுந்த பிறகு சிக்கு விழுந்த வலைதான். அறுத்துப் போட்டுப் புதிதாகப் பின்னுவதே மேல் என்று தோன்றும். என் மேலதிகாரி இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

புதிய அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன இணைப்பு இரவு பத்துக்குத்தான் வந்தது. கொட்டகைக் கணினி பாட்டுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தது. வந்ததும் வரிசையாக அனுப்பியது. மறுநாள் காலை போய் நின்றேன். அக்கா இன்னமும் பழைய பழக்கத்தில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு காகிதச் சிட்டை எழுதிச் சுவரில் அடித்த ஆணியில் குத்தி வைக்கிறார். எண்ணிப் பார்த்திருந்தார்.

"உன் பெட்டியில் எத்தனை தம்பி?"

"நூற்று முப்பத்தேழு அக்கா."

"என் ஆணியில் நூற்று முப்பத்தெட்டு."

வயிறு கலங்கிவிட்டது. திரையைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போனது. அக்கா டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஆணியிலிருந்து ஒரு சிட்டையை உருவி என் முன்னால் வைத்தார்.

"அது நான் குழம்புக்கு எடுத்தது. தராசில் போடவில்லை. கூலியில் கழிக்கச் சொல்ல எழுதி வைத்தேன்."