டர்னர் பெண் குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி: வீட்டில் எங்கே தவறுகிறது?

“ஊசி போட்டா எவ்வளவு உயரம் கூடும்?” டர்னர் என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இதுதான். பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் பிறப்பதுதான் டர்னர். சிகிச்சை எடுக்காத டர்னர் பெண்ணின் உயரம் மற்ற பெண்களைவிடச் சுமார் 20 செ.மீ. குறைவாக நின்றுவிடும். கனடாவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் போடாதவர்களைவிடச் சராசரியாக 7.2 செ.மீ. கூடுதலாக வளர்ந்தார்கள். இது பல வருடங்கள் ஒழுங்காகப் போட்டதற்குக் கிடைத்த பலன். மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். கைக்கு வந்த மருந்து கெடாமல், சரியான அளவில், ஒழுங்காக உடம்புக்குள் போகிறதா என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம்.

“பொண்ணுதானே, குட்டையா இருந்தா என்ன, வயசுக்கு வந்தா வளர்ந்துடுவா” என்று சொல்லிச் சொல்லியே நல்ல வருடங்கள் போய்விடுகின்றன. டர்னரில் சினைப்பையில் முட்டைகள் குறைவதால் பெரும்பாலான பெண்கள் தானாக வயதுக்கு வருவதில்லை, அந்த வளர்ச்சிக்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஊசியை 4 முதல் 6 வயதுக்குள் தொடங்குவது நல்லது. காரணம் புரியாமல் வகுப்பில் மிகக் குட்டையாக இருக்கும் பெண் குழந்தைக்கு, கழுத்திலோ முகத்திலோ எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இதற்கான ரத்தத்தை ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுப்பார்கள். உயிருள்ள செல்களை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை என்பதால், குழாய் வெயிலில் கிடந்தாலோ உறைந்தாலோ செல் வளராது, திரும்ப ரத்தம் எடுக்க வேண்டிவரும். ரிப்போர்ட்டில் ஒய் குரோமோசோம் பகுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சினைப்பையில் கட்டி வரும் அபாயம் உண்டு, அதற்குத் தனியாக ஆலோசனை வேண்டும்.

ஒரு விஷயத்தில் பல பெற்றோர் வீணாக அலைகிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கும் ஹார்மோன் தூண்டல் பரிசோதனை டர்னருக்குப் பொதுவாகத் தேவையில்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஹார்மோன் சுரப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஷாக்ஸ் என்ற மரபணுவின் ஒரு பிரதி குறைவதுதான் எலும்பு நீளாததற்கு முக்கியக் காரணம். அதனால்தான் ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைக்குக் கொடுப்பதைவிட அதிக அளவு தேவைப்படுகிறது. தொடங்கும் முன் இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், தைராய்டு, காது கேட்கும் திறன், எலும்பு வயது பார்க்க இடது கை எக்ஸ்ரே ஆகியவை முடிந்திருக்க வேண்டும். தைராய்டு குறைவாக இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் ஊசி போட்டும் குழந்தை வளராது.

இனி அளவு. டர்னருக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.045 முதல் 0.05 மி.கி. வரை. 20 கிலோ குழந்தைக்கு 0.05 கணக்கில் 1 மி.கி. வரும். மருந்தை ஊசியாகப் போடும் பேனாக்களில் சிலவற்றில் மி.கி. இருக்கும், சிலவற்றில் யூனிட் இருக்கும். 1 மி.கி. என்பது 3 யூனிட். சீட்டில் 1 மி.கி. என்று இருக்க, யூனிட் பேனாவில் 1 என்று திருப்பினால் குழந்தைக்குப் போவது மூன்றில் ஒரு பங்குதான். வலி இல்லை, எந்த அறிகுறியும் இல்லை, ஆறு மாதம் கழித்து ‘வளர்ச்சி போதவில்லை’ என்று சொல்வார்கள். மாறாக, 3 யூனிட்டை 3 மி.கி. என்று படித்தால் மூன்று மடங்கு போய்விடும். கம்பெனி மாறி வேறு பேனா கையில் கொடுத்தால் பழைய எண்ணையே திருப்பாதீர்கள், சீட்டில் மி.கி., யூனிட் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சரிபார்க்க எளிய வழி: பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாயான கேட்ரிட்ஜ் 10 மி.கி. என்றால் தினம் 1 மி.கி. வீதம் 10 நாளில், பேனாவை ஓட்டிப் பார்க்கும்போது வீணாகும் துளிகளால் கொஞ்சம் முன்னதாகவே, தீர வேண்டும். 20 நாள் ஓடினால் எங்கோ தப்பு.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதற்கு யாரும் பயப்படுவதில்லை. உறைந்த மருந்து உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே தெரியலாம், ஆனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் சில்லர் தட்டில் வைக்காதீர்கள், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், கதவிலும் வேண்டாம். நடுத்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஐஸ் பேக்கோடு மருந்தை ஒட்டி வைத்து உறைய விட்ட கதைகள் நிறைய. நடுவில் துண்டைச் சுற்றுங்கள். ‘அறை வெப்பத்தில் சில நாள் தாங்கும்’ என்று அட்டையில் இருந்தால் அது 25 டிகிரி வரை என்பதையும் படியுங்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறை அப்படி இருப்பதில்லை. பொடியாக வரும் மருந்தில் திரவம் சேர்த்தபின் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டினால் போதும். கலங்கலாக இருந்தால் போடக் கூடாது.

போடும் நேரம் இரவு, தூங்குவதற்கு முன். ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனை, 4 மி.மீ. நீளம் பெரும்பாலும் போதும். புது கேட்ரிட்ஜ் மாற்றியதும் ஒரு துளி நுனியில் வரும்வரை ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகே அளவைத் திருப்புங்கள். பொத்தானை அழுத்திவிட்டு உடனே எடுத்தால் மருந்து தோலில் வழிந்துவிடும், அதனால் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். குழந்தையையே எண்ண வைத்தால் அழுகை குறைகிறது. முடிந்ததும் ஊசிமுனையைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் காற்று உள்ளே போய் மறுநாள் அளவு குறையும். தொடை, பிட்டம், வயிறு என இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ‘இங்கதான் வலிக்காது’ என்று குழந்தை காட்டும் ஒரே இடத்தில் போட்டால் தோலில் பள்ளமோ தடிப்போ விழும், அங்கே மருந்து சரியாக உறிஞ்சாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், வழக்கமான அளவே போதும். பாட்டி வீடு, கோயில் திருவிழா, பரீட்சை என்று வாரம் இரண்டு நாள் விட்டால் வருடத்தில் நூறு ஊசி போய்விடும். அது உயரத்தில் தெரியும்.

உயரம் அளக்கும்போது ரெட்டைச் சடையை அவிழ்த்துவிடுங்கள். உச்சியில் ரிப்பன் முடிச்சு இருந்தாலே ஒரு சென்டிமீட்டர் பொய்யாகக் கூடும். குதிகால் சுவரை ஒட்ட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். எப்போதும் காலை நேரத்திலேயே அளங்கள், மாலையில் உயரம் சற்றுக் குறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினால் போதும், வாரா வாரம் அளந்து கவலைப்பட வேண்டாம். முதல் வருடம் வேகமாக வளரும், இரண்டாம் வருடம் வேகம் குறையும். மருந்து வேலை செய்யவில்லை என்று அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அது இயல்பு. எடை கூடக் கூட அளவும் மாற வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் வேலை செய்வதைக் காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மாற்றுவார். விடாத தலைவலியோடு வாந்தி அல்லது மங்கலான பார்வை, இடுப்பு அல்லது முட்டி வலியோடு நொண்டுவது, முதுகு வளைவது: இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

செலவுதான் பெரிய சுமை. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோன், நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படும் நோய்களுக்கான இரண்டாம் பிரிவில் இருக்கிறது. 2022-இல் உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்த உதவி கொள்கையின் கீழ் அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாகத்தான் கிடைக்கும், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அவற்றில் ஒன்று. கேரியோடைப் ரிப்போர்ட்டின் அசல், உயரப் பதிவுகள், எலும்பு வயது எக்ஸ்ரே எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் அலைச்சல் குறையும். முதல் மருந்து வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாமல் அடுத்த தவணைக்கு முன்கூட்டியே கேளுங்கள், நடுவில் விழும் இடைவெளிதான் அதிகம் பாதிக்கிறது.

11, 12 வயதில் பெண்மை வளர்ச்சிக்கான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள், ஊசியும் கூடவே தொடரும். வருடத்துக்கு 2 செ.மீ.க்கும் குறைவாக வளரும்போது, அல்லது எலும்பு வயது 14-ஐத் தாண்டும்போது ஊசியை நிறுத்தலாம். இதயம், காது, தைராய்டு பரிசோதனைகளை மட்டும் அதன் பிறகும் விடக் கூடாது.