'க்வைட் குட்' என்றால் சுமார்தானாம்

கல்லூரி கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் படிக்கட்டு மாதிரி எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். கீழ்ப்படியில் டிஸ்லைக், அதற்கு மேலே ஹேட், அப்புறம் லோத், டிடெஸ்ட், உச்சியில் அப்ஹார். வெறுப்பு கூடக் கூட சொல்லும் கனக்க வேண்டும் என்பது என் கணக்கு. 'அப்ஹார்' என்பதன் லத்தீன் மூலத்தில் மயிர் சிலிர்த்துப் பின்வாங்குவதும், 'டிடெஸ்ட்' என்பதில் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சபிப்பதும் ஒளிந்திருக்கின்றன என்று எங்கோ படித்தபோது, மண்ணை வாரித் தூற்றுகிற வழக்கம் எங்கள் தெருவில் மட்டும் இல்லை போல என்று ஒரே சந்தோஷம்.

இப்போது பதினோரு வருஷமாக, சென்னையில் உட்கார்ந்து ஒரு பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். இதுவரை ஒரு மெயிலில்கூட 'அப்ஹார்' வந்ததில்லை. 'ஹேட்' வந்திருக்கிறது, ஆனால் அது திங்கட்கிழமையைப் பற்றியும் அவர்கள் ஊர் மழையைப் பற்றியும்தான். எங்கள் வேலையைப் பற்றி வந்ததெல்லாம் பஞ்சு மாதிரி சொற்கள். அந்தப் பஞ்சுக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

முதல் வருஷம், டிசம்பர் மாதம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அதனால் மதியம் இரண்டரைக்குப் போன் கால். கிளெய்ம்களை எப்படிச் சரிபார்ப்பது என்று நாற்பது பக்கத்துக்கு நான் எழுதிய கையேட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து மேனேஜர் "க்வைட் குட், சில சின்னச் சின்னக் கருத்துகள் மட்டும் அனுப்புகிறேன்" என்றார். நான் டீம் முழுக்க பஃப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் அந்தச் சின்னக் கருத்துகள் வந்தன. கோப்பைத் திறந்தால் குங்குமம் கொட்டின மாதிரி பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. இரண்டு பக்கம்தான் தப்பித்திருந்தது, அதில் ஒன்று பொருளடக்கம்.

எங்கள் டீம் லீட் அங்கே மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சிரித்துவிட்டு, "அமெரிக்கக்காரன் 'க்வைட் குட்' என்றால் ரொம்ப நல்லாயிருக்குன்னு அர்த்தம், இவங்க சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்டா" என்றார். அதே 'க்வைட்'டை 'ராங்' பக்கத்தில் வைத்தால் மட்டும் முழுக்க முழுக்கத் தப்பு என்று ஆகிவிடும். என்ன நியாயமோ! 'இன்ட்ரஸ்டிங்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் யோசனை அங்கேயே செத்தது என்று பொருள். 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால், பின்னால் வருவதில் மரியாதையைத் தேட வேண்டாம். 'எ பிட் டிஸப்பாயிண்டட்' என்று வந்துவிட்டால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு ஓட வேண்டும்.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மூன்று குடும்பம் கேசரி சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் வாசலில் செருப்பை மாட்டும்போதே அம்மா உள்ளே டம்ளரைக் கழுவப் போட்டுவிடுவாள். யாரும் தபால்காரருக்காகக் காத்திருக்கவில்லை. பத்து வயதில் எனக்கே அது விளங்கியது, ஆங்கிலத்தில் வந்தபோது மட்டும் நான் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

சரி, இது கேட்பதில் செய்த தப்பு. சொல்வதில் செய்ததுதான் பெரிய கூத்து. வெள்ளிக்கிழமை அனுப்பும் அறிக்கையைத் திங்கள் காலைக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். அப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை யாராவது வந்து உட்கார வேண்டும். நான் நேராக, 'இந்த மாற்றத்தை நாங்கள் டிஸப்ரூவ் செய்கிறோம்' என்று எழுதினேன். அப்ரூவ் என்பதற்கு எதிர்ப்பதம், அவ்வளவுதானே? இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் என் மேனேஜர் கூப்பிட்டு, அவர்கள் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது என்றார். அந்தச் சொல், மகள் யாருடனோ சுற்றுவதைப் பார்த்து அப்பா முகம் சுளிப்பாரே, அந்த இடத்தில் வருவதாம். மேலே உட்கார்ந்துகொண்டு நடத்தையை எடை போடுகிற தொனி. ரிப்போர்ட் தேதிக்கு நான் ஒழுக்கத் தீர்ப்பு வழங்கியிருக்கிறேன்!

என்னதான் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். 'தட் மைட் பி டிரிக்கி ஃபார் அஸ்' என்றால் போதுமாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது, இது நம்ம 'சரிப்பட்டு வராதுங்க' தான். அதில் யார் மறுக்கிறார்கள் என்றே தெரியாது, விஷயம் தானாகவே சரிப்பட்டு வராமல் போய்விடும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதிலும் அப்படித்தானே, பிடிக்காமல் போவது அந்தப் பொருளின் வேலை, நான் சும்மா பக்கத்தில் நிற்கிறேன். நோட்டிலிருந்த படிக்கட்டை விட்டுவிட்டு 'சரிப்பட்டு வராது'விலிருந்து மொழிபெயர்க்க ஆரம்பித்த பிறகு என் மெயில்களுக்கு ஒழுங்காகப் பதில் வந்தது.

இருந்தாலும் எனக்கு இந்த நாசூக்கில் முழுச் சம்மதம் கிடையாது. மேலே இருப்பவர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், அதற்கு அர்த்தம் தேடுகிற பாடு கீழே இருப்பவனுக்குத்தான். போன வருஷம் சேர்ந்த பையன் ஒருவன் 'யூ மைட் வான்ட் டு ஹேவ் அனதர் லுக்' என்பதை, விருப்பம் இருந்தால் பார் என்று படித்துக்கொண்டு ஒரு வாரம் கோப்பைத் தொடவே இல்லை. திட்டு வாங்கினான். அவன் படித்ததில் என்ன தப்பு? வரிக்கு வரி அப்படித்தானே இருக்கிறது.

அவர்களுக்கும் எங்களால் தொல்லை உண்டு. நாம் சந்தேகம் கேட்பதை 'ஐ ஹேவ் எ டவுட்' என்போம். அவர்கள் காதில் அது 'நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை' என்று விழும். ஒவ்வொரு கால் முடிவிலும் இங்கிருந்து ஐந்து பேர் வரிசையாக டவுட் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பக்கத்து மேனேஜர் என்ன நினைப்பார், பாவம். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகிவிட்டது. போன மாதம் நாங்கள் அனுப்பிய புதுப் பட்டியலுக்கு அவரிடமிருந்து ஒரே வரியில் பதில்: 'ஐ ஹேவ் ஒன் ஸ்மால் டவுட்.' அது நம்ம ஊர் டவுட்டா, அவர் ஊர் டவுட்டா என்று நான்கு பேர் கேன்டீனில் டீ ஆறும் வரை பேசிப் பார்த்தோம். கடைசியில் டீம் லீட்தான் போன் போட்டுக் கேட்டார்.